தலைகீழ் ஆறு

பிரெமர்டன் தீயணைப்பு நிலையக் கூடத்தில்
வருடத்துக்கு ஒருமுறை தபால்தலைச் சந்தை.
ரூத்தன் பில்ச்சரின் மடக்கு மேசைக்குக் கீழே
ஒரு ஷூ பெட்டி:
கடற்படை உறைகள், கப்பல் பெயரில்லாதவை, தலா இரண்டு டாலர்.
முழங்கால் வலிக்க நான் குந்துவது அதற்காகத்தான்.

டஸ்காமிங், எண்ணெய்க் கப்பல்.
எண்ணெய்க் கப்பலுக்கு ஆற்றின் பெயர் வைப்பது
அமெரிக்கக் கடற்படை வழக்கம்.
1922இல் நீரில் இறங்கியது. கொடி ஏற்றினார்கள், இறக்கினார்கள்.
ஒன்பது வருடம் சேற்றில் கட்டிக் கிடந்தது. மறுபடி கொடி.
பீரங்கி இருந்தது, பெரும்பாலும் அதன்மேல் சட்டை காய்ந்தது.
போர்க்கப்பல் பக்கத்தில் வரும்,
குழாயை நீட்டி, ஒரே வேகத்தில்,
நான்கு மணி நேரம் கன்றுக்குக் கொடுப்பதுபோல் நிற்கும்.
பதக்கம் வாங்கியவை எல்லாம் பசியாறிப் போனவை.

1938 உறை ஒன்று என்னிடம் இருக்கிறது.
வட்ட முத்திரையில் கப்பலின் பெயர் முழுசாக,
கோடுகளுக்கு நடுவே சான் பெட்ரோ.
பின்பக்கம் பென்சிலில்:
"தாமதத்துக்கு மன்னிக்கவும், கடல் சரியில்லை.
ஆர்வல் டெஷ்கே, கப்பல் தபால் குமாஸ்தா."
நெப்ராஸ்காக்காரன். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும்
கடலுக்கு ஒரு மாதம் ஆகும்.

முத்திரையில் வருடம் ஒரே கட்டை,
நாளுக்குத்தான் தனித்தனி எண்கள்.
ஒன்பது எப்போது தொலைந்தது என்று என்னால் சொல்ல முடியும்:
1940 ஜூலை 19க்கும் 29க்கும் நடுவில்.
புது ஒன்பது கேட்டு எழுதியிருப்பான். வரவில்லை.
ஆறைத் தலைகீழாகச் செருகிவிட்டான்.
வயிறு மேலே, வால் கொஞ்சம் அதிகமாக வளைந்து,
வால் நுனியில் ஒரு சின்ன வெட்டு.

பிறகு போர்.
முத்திரையில் கப்பல் பெயர் கூடாதென்று உத்தரவு.
அரத்தை எடுத்து அவனே ராவியிருப்பான்.
ஆற்றின் பெயர் போனது.
இந்த ஆறு மிஞ்சியது.

ஒன்பது, பத்தொன்பது, இருபத்தொன்பது.
மாதத்தில் மூன்று நாள் கப்பல் வாய் திறக்கும்.
பிப்ரவரியில் இரண்டு, நாற்பத்து நான்கைத் தவிர.
மற்ற நாட்களில் அது எந்தக் கப்பலாகவும் இருக்கலாம்.
தணிக்கை அதிகாரி
"நாங்கள் இருப்பது" என்பதற்குப் பின்னால் பிளேடால் வெட்டிய சன்னல் வழியே
என் மேசை தெரிகிறது, காபிக் கறையோடு.

சேவை வரலாற்றில் கடைசி வரி,
நானே தட்டச்சு செய்தது:
1944 நவம்பர் 24. டார்பிடோ. மூழ்கியது. பட்டியலிலிருந்து நீக்கம்.
தாளின் அடியில் சரியாக முடிந்தது.
அப்போது அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

இந்த வருடம் ஷூ பெட்டியில்
ஐயோவாவின் ஒரு விதைக் கம்பெனிக்கு
யாரோ ஒரு சிப்பாய் அனுப்பிய உறை.
உள்ளே தக்காளி விதைக்கான ஆர்டர் தாள்.
பெயரில்லாத முத்திரை. 1945 மே 9.
லென்ஸை எடுத்தேன்.
வயிறு மேலே. வால் நுனியில் வெட்டு.

கப்பல் தண்ணீருக்கடியில் போய்
ஐந்தரை மாதம் ஆகியிருந்தது.

அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ஈய எண்.
சட்டைப்பையில் இருந்ததா,
கைக்குள் இருந்ததா,
எரிகிற எண்ணெயில் குதிக்கிறவன்
எதை எடுத்துக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்.
அந்தக் கரையின் தபால் அறையில் நிச்சயம் நல்ல ஒன்பது இருந்திருக்கும்.

ரூத்தனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி,
முழுக் கதையும் கேட்டு,
"அப்படியென்றால் மூன்று டாலர்" என்றாள்.

தாளின் அடியில் இடமில்லை. திருப்பினேன்.
பின்பக்கத்தில் உறையைப் பொருத்தி
மேலே பென்சிலால்: டஸ்காமிங், தொடர்ச்சி.

தக்காளி முளைத்ததா, தெரியவில்லை.