முதுகோடு முதுகு

நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள் என்றேன்.
முதுகோடு முதுகு.
முகம் பார்த்தால் எல்லாருக்கும் ஆங்கிலம் வந்துவிடுகிறது.
புருவம் பேசும், உள்ளங்கை பேசும்,
மிச்சத்தைச் சிரிப்பு முடித்துவைக்கும்.
தொலைபேசிக்குப் புருவம் கிடையாது.

பத்தூமி. துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடி.
மழை; இந்த ஊரில் அது ஒரு செய்தியல்ல.
கப்பலுக்குப் போகப்போகிற இருபத்திரண்டு பேர்.
இறந்தகாலத்துக்கும் முந்தைய இறந்தகாலத்தைப்
பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுவார்கள்.
குழாய் ஒழுகுகிறதென்று
வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னால்
கருங்கடலையே வரவழைத்துவிடுவார்கள்.
அவன், அவள் இரண்டுக்கும்
ஜார்ஜிய மொழியில் ஒரே சொல்தான்;
எனவே குழாய் சரிசெய்ய வருகிற ஆள்
வாக்கியத்தின் நடுவே
ஆணாகிப் பெண்ணாகி ஆணாகிறார்.
அதை நான் திருத்துவதில்லை இப்போதெல்லாம்.
தண்ணீர் நின்றால் போதும்.

இன்றைக்கு மறுப்பது எப்படி என்ற பாடம்.
எங்கள் ஊருக்கு ஆகாத பாடம்.
நான்காவது கோப்பையை வேண்டாமென்பவன்
மருத்துவச் சான்றிதழோடு வரவேண்டிய ஊர் இது.
பலகையில் எழுதினேன்:
ஐயாம் அஃப்ரெய்ட், ஐ கான்ட்.

நர்கிசா கை தூக்கினாள்.
"முடியாதென்று சொல்ல எதற்கு அஞ்சவேண்டும்?
யார் அஞ்சுவது, சொல்பவரா, கேட்பவரா?"
பதினொரு வருடமாய் எழுதுகிற வரி.
ஒருவரும் கேட்டதில்லை.
யாரும் அஞ்சுவதில்லை நர்கிசா, என்றேன்,
அது கதவை மெல்லச் சாத்துகிற சத்தம்.

அப்போதுதான் உஷாங்கியின் போன் அடித்தது.
வகுப்பில் போன் கூடாது என்பது விதி.
எண் கிரேக்க எண்.
கூலோ மலையிலிருந்து வந்தவன்,
பதினேழு வயதுவரை கப்பலைக் காலண்டரில் பார்த்தவன்,
என்னைப் பார்த்தான். எடு என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை.
இருபத்தொரு முதுகுகள் நேராயின.

"சே அகெய்ன், ப்ளீஸ்."
'என்ன?' என்று கேட்காதே என்றது நான்தான்.
"சே அகெய்ன், ப்ளீஸ்."
இரும்புத்தாது ஏற்றும் கப்பல், ஏழு மாதம்,
பயிற்சி மாலுமி.
பதினைந்தாம் தேதியா, ஐம்பது டாலரா,
அந்த இரண்டு ஒலிகளுக்கு நடுவே
எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்!
இவன் விழவில்லை.
இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள் என்றான்.
ஒன்று. ஐந்து. சரி, தேதி.
சம்பளம்?
முதல் மூன்று மாதம் சம்பளம் இல்லை.
அதை மட்டும் மூன்றாம் முறை கேட்கவில்லை.

மழை கேட்டது.
ஜெமாலின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"ஐயாம் அஃப்ரெய்ட்..."

அந்தச் சொல்லில் குரல் உடைந்தது.
நர்கிசா, கேட்டாயா,
நான் சொன்னது தப்பு.

"...ஐ கான்ட்."

யாரோ கைதட்டினார்கள், மேசையில் தட்டினார்கள்,
ஜெமால் விசிலடித்தான்.
வகுப்பே அவனுக்குக் கப்பல் வாங்கிக்கொடுத்த மாதிரி.
உஷாங்கி போனைத் திரை மேலாக வைத்தான்,
சார்ஜ் எவ்வளவு என்று பார்த்தான்.
"வீ வில் கெட் பேக் டு யூ என்றார்கள்.
எப்போது கூப்பிடுவார்கள், மிஸ்?"

அது பதினொன்றாம் பாடம்.
நாங்கள் ஏழில் இருக்கிறோம்.
அகராதி சொல்லும் பொருளை அவன் சரியாகத்தான்
புரிந்துகொண்டிருந்தான்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்து
அவன் முதுகோடு முதுகாக உட்கார்ந்தேன்.
என் புருவங்களை நான் நம்பவில்லை.
ஹலோ, என்றேன்.
சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, பாடத்தில் உள்ளபடியே,
யார் பேசுவதென்று மரியாதையாகக் கேட்டான்.