அரை சதவீதம்

மண்டபத்தில், டீசல் பம்ப் கடைக்கு மேல்மாடி.
நாலு பேர், மூன்று நாற்காலி.
அருளானந்து போனில் பேசுகிறவன்,
நடந்துகொண்டேதான் பேசுவான் என்பதால்
அவனுக்கு வாங்கவில்லை.

முதலாளி நிஸ்தார், கீழக்கரைக்காரன்.
டீ வாங்கி வருவதும் அவன்தான்.
சம்பளம் தள்ளிப்போனால் டீயோடு சமோசா வரும்.
பொட்டலத்தைப் பார்த்ததுமே
டெல்பின் என் காலை மிதிப்பாள்.

நாங்கள் செய்வது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.
நண்டு லாரியில் ஐஸுக்கு நடுவே கிடந்து
எத்தனை டிகிரி, எத்தனை டிகிரி என்று
தூத்துக்குடி வரை சொல்லிக்கொண்டே போகும்.

வங்கிப் படிவத்தில் ‘பதவி’ என்றொரு கட்டம்.
நிரல் எழுதுகிறேன். பில் போடுகிறேன்.
பெட்டிக்குள் உப்பு இறங்கினால்
பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஓட்டுநர் சவேரியார்பிச்சை
“தாயி, சிவப்பா மின்னுது” என்றால்
எழுந்து உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.
கட்டம் சின்னது.
‘பொறியாளர்’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

முன்பு சென்னையில், பதினோராவது மாடியில்,
ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற
ஆறு கூட்டம் போட்டோம்.
அதை யார் அழுத்தினார்களோ, இன்றுவரை தெரியாது.
இங்கே வியாழன் மதியம் நான் பெரிதாக்கிய எழுத்தை
அன்று சாயங்காலமே சவேரியார்பிச்சை
கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார்.
“இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது.”
அந்த ஒரு வரியில் இரண்டு மாதம் ஓட்டினேன்.
வாடகைக்கு அதை வாங்கிக்கொள்ள
வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கயிற்றில்.
நாட்டுப்படகு கொண்டுவருவது உள்ளூர்ச் சட்டிக்கே சரி.
லாரி இல்லை. திரையில் கோடு படுத்துவிட்டது.
கடலுக்கு அறுபத்தொரு நாள் ஓய்வு;
மின்கட்டணத்துக்கு இல்லை.
மீன்பிடிப்பவருக்கு நிவாரணம் உண்டு,
மீனின் குளிரை அளப்பவர்
எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது?

மே மாதம் சமோசாவும் நின்றது.
நிஸ்தார் ஒரு முத்திரைத்தாள் நீட்டினான்:
கம்பெனியில் எனக்கு அரை சதவீதம்,
நாலு வருடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.
“பெருசா வந்துச்சுன்னா…” என்று தொடங்கினான்.
ஜன்னல் கதவு காற்றில் அடித்தது.
எழுந்து போய்ச் சாத்தியவன் திரும்பி வந்து முடிக்கவில்லை.

பெருநாள் பிரியாணிக்குப் போனபோது
அவன் மனைவியின் கையில் காப்பு இல்லை.
பார்த்திருக்கக் கூடாது.
பெரிய கம்பெனியில் கோபத்துக்கு ஒரு துறை இருந்தது,
முகம் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி.
இங்கே யாரைத் திட்டினாலும்
அவர் வீட்டு உப்பு ஞாபகம் வருகிறது.

டெல்பின் ஓசூருக்குப் போய்விட்டாள்.
மூன்று பேர், மூன்று நாற்காலி;
கணக்கு நேராகிவிட்டது.
அவள் விட்டுப்போன நிரலின் நடுவே ஒரு குறிப்பு:
‘இந்த வரியைத் தொடாதே.
ஏன் ஓடுகிறது என்று எனக்கும் தெரியாது.’
தொடவில்லை.

ஆனி இரண்டு. ராத்திரி பதினொன்றே முக்கால்.
உச்சிப்புளி தாண்டி ஒரு புள்ளி.
இரண்டு டிகிரி. பச்சை.
கீழே கடை பூட்டியாகிவிட்டது, மாடிச் சாவி என்னிடம்.
சென்னையிலிருந்து இன்னொரு வேலைக் கடிதம்;
வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும், இன்று செவ்வாய்.

சாயல்குடிப் பக்கம் சிக்னல் இருக்காது.
அரைமணி நேரம் புள்ளி காணாமல் போகும்.
போய்விட்டது இப்போது.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது,
நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.