பேக்கரி நிறுத்தம்

அடிஸ் அபாபாவில் நீல வெள்ளை வேனின்
கதவில் தொங்கியபடி
ஒன்பது வருடம் இடப்பெயர்களைக் கூவியிருக்கிறேன்.
கூவுகிறவனுக்குத் தெரியும்
யார் எங்கே இறங்குவார்கள் என்று.

மலையடி ஊற்றுக்குப் போகிறவர்கள்
உரக்கவே சொல்வார்கள்.
மடியில் மஞ்சள் கேன், தோளில் வெள்ளைச் சால்வை.
புனித நீருக்குப் போகிறவனை
என்ன வியாதி என்று யாரும் கேட்பதில்லை.
முதுகுவலியாக இருக்கலாம்.
பரீட்சையாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்
ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவார்கள், பேக்கரியில்.
ரொட்டி வாங்க வந்தவர்கள் போலக்
கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
மதிலோரமாக நடப்பார்கள்.
அஸ்னாகெச் என்றொருத்தி
மாதம் ஒருமுறை தம்பியைக் கூட்டி வருவாள்.
முதல் தடவை அவன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம்.
நான்காம் மாதம் அவனே சில்லறை எண்ணிக் கொடுத்தான்,
ஒரு பிர் அதிகமாக.
திருப்பிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி என்று நான் கூவியதே இல்லை.
பேக்கரி, பேக்கரி என்பேன்.
ஓட்டுநர் ஷிமெலிஸ் சிரிப்பான்:
இந்த ஊரில் இத்தனை பேருக்கா ரொட்டிப் பசி!

பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள்
நான் வாயை மூடிய பின்னும்
ஒருவன் கூவிக்கொண்டே இருந்தான்.
என் குரல்தான்.
இடப்பெயர்கள் மட்டும்
எந்த வழித்தடத்திலும் இல்லாதவை.

ஃபன்தாயே ஊற்று என்றாள்.
அவள் அண்ணன் மாத்திரை என்றான்.
முதலாளி, இரண்டு நாள் தூங்கி எழு, சரியாகிவிடும்.
எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால்
முதலில் வந்த வண்டியை.
அது மலைக்குப் போனது.

பதினோரு விடியல் நடுங்கி நின்றேன்.
நீர் தலையில் விழுகிற அந்த நேரம் மட்டும்
அவன் வாயடைத்து நின்றான்.
அதையும் சொல்ல வேண்டும்.
பன்னிரண்டாம் நாள், பக்கத்தில் நின்றவர்
தலை துவட்டியபடியே கேட்டார், தணிந்த குரலில்:
"பேக்கரிப் பக்கம் போயிருக்கிறாயா?"

போனேன்.
என் கதவில் இப்போது வேறொரு பையன்.
கூவுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தான்,
பார்க்காதது போல வெளியே திரும்பிக்கொண்டான்.
இறங்கியதும் நிஜமாகவே பசித்தது.
சூடாக ஒரு ரொட்டி வாங்கி
பிய்த்துத் தின்றுகொண்டே நடந்தேன்,
மறு கையில் மஞ்சள் கேன்.
காவலாளி கேனைப் பார்த்தார்.
வெளியே வை என்று சொல்லவில்லை.

சீட்டு எழுதும் ஜன்னலில்
எங்கிருந்து வருகிறாய் என்றார்கள்.
எந்த நிறுத்தத்தைச் சொல்வது என்று
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.