ஆள் கணக்கு

இரண்டாம் சனிக்கிழமை.
ஜீப்பில் டீசல் இல்லை என்றார்கள்.
பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் போனேன்.
பாலாற்றுப் பாலத்தில் நெரிசல்.
கீழே மணல், மணலில் முள்,
முள்ளில் யாரோ காயப்போட்ட போர்வை.

முகாமில் வரிசை எனக்கு முன்பே வந்திருந்தது.
எட்டரை மணிக்கே வேலூர் வெயில்
தகரக் கூரையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியது.
பெயரைப் படிப்பேன். ஆள் வரவேண்டும்.
போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டு
சிவப்பு மையில் ஒரு டிக்.
அதன் பிறகுதான் அந்த மாதத்துப் பணம்.

"சுகிர்தராசா."
யாரும் அசையவில்லை.
மறுபடி படித்தேன்.
மனைவி கமலினி முன்னால் வந்தாள்.
"உங்கட கந்தோருக்குத்தானே போனவர்."
எனக்கு விளங்கவில்லை.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் பிறந்த அவள் சின்னவன்
எனக்காக மொழிபெயர்த்தான்:
"ஆபீஸுக்குக்கா. கலெக்டர் ஆபீஸ்.
அப்பா அங்க பெயின்ட் அடிக்குது."

ஆமாம், பார்த்தேன்.
நேற்று சத்துவாச்சாரியில், மூன்றாம் மாடியில்,
ஜன்னலுக்கு வெளியே
சாரத்திலிருந்து தொங்கிய இரண்டு கால்கள்,
குதிகால் வரை மஞ்சள்.
உள்ளே நாங்கள்
அயல்நாட்டிலிருந்து வந்தோர் நலன் குறித்து
பேசிக்கொண்டிருந்தோம்.
டீ வந்தது, முறுக்கு வந்தது.
பெயின்ட் நெடி தலைவலிக்கிறதென்று
யாரோ எழுந்துபோய்
ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

அரசாங்கத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பவனை
அரசாங்கத்தின் நோட்டில்
இல்லை என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
கமலினி நான் எழுதுவதைப் பார்க்காமல்
என் செருப்பைப் பார்த்தாள்.

கூடவே ஒரு படிவமும் கொண்டுபோயிருந்தேன்.
'தங்களுக்குத் தேவைப்படும் உதவிகள்'
என்ற கேள்விக்குக் கீழே
ஒன்றரை வரி புள்ளிக்கோடு.
மூத்தவள் நிரோஜினி, நர்சிங் முடித்தவள்,
வாங்கி மடமடவென்று நிரப்பினாள்.
ஏழாவது கட்டம் நாட்டுரிமை.
பேனா அங்கே நின்றது.
மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தாள்:
"அதை நீங்களே எழுதுங்கோ, மேடம்.
எங்களுக்குத் தெரிஞ்சா
எப்பவோ எழுதியிருப்பம்."

தேவைப்படும் உதவிகளுக்குக் கமலினி யோசித்தாள்.
அரிசி வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டாள்.
பிறகு, கேட்கலாமா என்ற குரலில்,
"ஒரு மாதம் கூப்பிடாம விடுங்கோ.
இவர் எங்க போனவர் எண்டு
ஒருத்தரும் கேக்காத ஒரு சனிக்கிழமை."
புள்ளிக்கோடு போதவில்லை.
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

தாசில்தார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"தெருவிளக்கு, கழிப்பறைன்னு எழுதும்மா.
அதுக்குத்தான் பணம் ஒதுக்க வழி இருக்கு."
கெட்ட மனிதர் இல்லை.
போன ஐப்பசியில் கூரை பறந்த இரவு
முழங்கால் தண்ணீரில் நின்றவர்.
விளக்கும் எரியவில்லைதான்,
பெண்கள் செல்போன் வெளிச்சத்தில்தான் போகிறார்கள்.
ஆகவே விளக்கு என்று எழுதினேன்.
கழிப்பறை என்று எழுதினேன்.
ஓரத்தில் இருந்ததை அடிக்கவில்லை.
அவரும் அடிக்கச் சொல்லவில்லை.
அப்படியே கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை படிவங்களோடு சத்துவாச்சாரி.
அதே மூன்றாம் மாடி. மின்சாரம் போயிருந்தது.
சுவரெல்லாம் புது மஞ்சள்.
ஆபீஸ் உதவியாளர் ஜன்னலைத் தள்ளினார்,
தோளைக் கொடுத்துத் தள்ளினார்.
பெயின்ட் காய்ந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.
"அடிச்ச ஆள்தான் வந்து பிரிக்கணும்.
கண்ணாடி உடையாம திறக்க அவனுக்குத்தான் தெரியும்.
யார்கிட்டயாவது அவன் விவரம் இருக்கா?"

இருந்தது. என் பையில்.
குடும்ப எண், போட்டோ,
வந்து இறங்கிய தேதி, இறங்கிய கரை,
இடது புருவத்தில் தழும்பு.
கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில்
என் கையெழுத்து:
இல்லை.