பதினெட்டரைக் கிலோ

ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
ஆற்றைப் பற்றி இரண்டு,
அறிவிப்புப் பலகையைப் பற்றி நான்கு.

நிதி தந்தவர் சின்னம் இடப்பக்கம், மேலே.
நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல்.
சுற்றிலும் வெற்றிடம், சின்னத்தின் பாதி அகலத்துக்கு.
அதற்குள் எதுவும் நுழையக் கூடாது.
செந்தூலில் அப்படி ஓர் இடம்
எங்களில் எவருக்கும் வாய்த்ததில்லை.

பச்சைக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்.
ஜாலான் ஈப்போ அச்சகத்தில் ஹாஜா மைதீன்
மூன்று முறை அடித்துக் காட்டினார்.
"இது வெத்தல. இது பாசி.
இதுதாம்மா அவங்க கேக்குற பச்ச,
எந்த எலையிலயும் நான் பாத்ததில்ல."

எங்கள் ஆற்றுக்கு வரைபடத்தில் பெயருண்டு.
எட்டாம் புளோக்கில் அதை லோங்காங் என்போம்.
இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வந்து
குணசீலன் ஒரு மாதம் வெல்டிங் செய்தார்:
பதினாறு நீலப் பீப்பாய், கம்பி வலை,
இரு கரைக்கும் சங்கிலி.
மிதந்து வரும் குப்பையை மறித்துப் பிடிக்கும் வேலி.
கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
செலவுப் பட்டியலில் அதற்கு வரி கிடையாது.
விளம்பரத்துக்கு இருந்தது:
ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்,
வேறெதற்கும் மாற்றக் கூடாது.

ஆகவே ஒட்டினோம்.
கையுறைப் பெட்டியில், தள்ளுவண்டியில், தராசில்,
மண்வெட்டிக் காம்பில் சின்னம் வளைந்து
தன் வாலைத் தானே தொட்டது.
குணசீலன் காலை நீட்டினார்:
"பூட்ஸ் என் காசு. இதுக்கும் உண்டா?"

திறப்பு விழாவன்று புவான் நோராஸ்லினா
தோல் செருப்போடு சேற்றில் இறங்கி
சாய்ந்த பலகையை நிமிர்த்திப் பிடித்தார்.
விதி அவர் எழுதியதில்லை.
அவருக்கும் மேலே ஒருவர் படம் கேட்கிறார்,
அந்த ஒருவருக்கும் மேலே.
கேமராக்காரப் பையன் பின்னே போனான், முன்னே வந்தான்:
"பலக வேணுமா, தண்ணி வேணுமா?
ரெண்டும் ஒண்ணா விழாது."

நவம்பரில் ஒரு சாயங்காலம்
மூன்று மணி நேரம் கொட்டியது.
ஆறு கார் நிறுத்துமிடம் வரை வந்து,
ஒரு மோட்டார் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு,
விடிவதற்குள் திரும்பிப் போயிருந்தது.
பலகை இருந்த இடத்தில் இரண்டு கால்கள் மட்டும்.

எனக்கு முதலில் வந்தது ஒன்பதாம் பக்கம்:
*இறுதித் தவணைக்கு, திட்ட இடத்தில்,
சின்னம் தெளிவாகத் தெரியும் புகைப்படம்.*
பொருளாளர் நான். வெல்டிங் கம்பிக்கு
இன்னும் கடன் நிற்கிறது.

"தவமலர், கீழ வா" என்றார் குணசீலன் போனில்.
சிரிக்கிறாரா, இருமுகிறாரா, தெரியவில்லை.

வேலியில் பாட்டில்கள், பாதி மெத்தை,
மூடி திறக்காத முறுக்கு டப்பா,
ஒரு குழந்தை நாற்காலி.
நடுவே மல்லாந்து எங்கள் பலகை.
சின்னம் பளிச்சென்று,
சுற்றியிருந்த வெற்றிடத்தில் ஒரு நத்தை.

மாட்டியதை எல்லாம் எடை போட வேண்டும்,
அதுவும் ஒப்பந்தம்தான்.
ஒட்டுப்பலகை மரமா,
மேலே போர்த்திய படம் பிளாஸ்டிக்கா?
'இதர' என்று எழுதினேன்.
பதினெட்டரைக் கிலோ.
சின்னம் ஒட்டிய தராசில் சின்னத்தை ஏற்றி
ஒரு படம் எடுத்தேன். அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துப் புவான் அழைத்தார்.
சின்னம் தெளிவாக இருக்கிறதாம்.
ஏற்றுக்கொண்டார்களாம்.
பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு, குரலைத் தாழ்த்தி:
"மொத்த எடையில் அதைக் கழித்துவிட்டீர்களா?"

கழிக்கவில்லை.

இப்போது அது கரைச் சேற்றில் கவிழ்ந்து கிடக்கிறது,
சனிக்கிழமைகளில் நாங்கள் வேலிக்கு இறங்க.
பச்சை கீழே. மேலே வெறும் மரம்.
அதில் யாரோ சாக்குக்கட்டியால்
சின்னமின்றி, அளவின்றி, கொஞ்சம் கோணலாக
எழுதியிருக்கிறார்கள்:
வழுக்கும்.