மஞ்சள் கோடு

பாடாங் செராயில் மழை விட்ட மத்தியானம்.
காவடிக்கு மயில் வேண்டுமென்று
பிளைவூட்டை முதுகில் கட்டிக்கொண்டு
மோட்டார் சைக்கிளில் வந்தார் புவனேந்திரன்.
பென்சிலால் தானே வரைந்திருந்தார்.
தோகை பரவாயில்லை,
கழுத்து மட்டும் வாத்து.

"நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன்,
சீக்கிரம் முடிஞ்சிடும் லா."
மணிக்கட்டில் விரதக் காப்பு.
முடிச்சிலிருந்து ஒரு சாண் மஞ்சள் வால்.

பட்டை ரம்பத்துக்கு விரதம் தெரியாது.
கித்தாக் கட்டை எது, கை எது என்று
அது நின்று பார்ப்பதில்லை.
நூல் நுனி ஒன்று கிடைத்தால் போதும்,
மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

"காப்பைக் கழற்ற மாட்டேன்."
"கழற்றச் சொல்லலையே.
தரையில மஞ்சக் கோடு இருக்கு பாருங்க,
அதுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

தவுக்கே போட்ட கோடு அல்ல அது.
ரெஹானுக்கு ஆள்காட்டி விரலில்
ஏழு தையல் விழுந்த வாரம்
மீந்த பெயிண்டில் நானே இழுத்தது.
கையுறை போட்டுக்கொண்டு வெட்டினான் பாவம்,
பத்திரமாக இருக்கட்டுமென்று.

கூந்தலை முடிந்து துணிக்குள் செருகினேன்.
கண்ணாடி, காதுமூடி.
பிளேடை மறைக்கும் தகட்டை இறக்கினேன்,
மரத்துக்கு மேல் என் சுண்டுவிரல் கனம் இடைவெளி.
"இது எதுக்கு?"
"இதுவும் காப்புதான்."
சிரித்தார், கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

வளைவைத் தொடுமுன்
விளிம்பிலிருந்து கோடு வரைக்கும்
குட்டிக் குட்டியாய் நேர்வெட்டுகள்.
இல்லாவிட்டால் கழுத்துத் திருப்பத்தில்
பிளேடு முறுக்கிக்கொண்டு நிற்கும்.
அவருக்கு அது வீண்வேலை.
"நேரா வளைச்சிட வேண்டியதுதானே?"
நேராக வளைப்பது எப்படி என்று
நான் கேட்கவில்லை.

தள்ளும்போது கட்டைவிரல்கள்
பல்லுக்கு நேரே வரக்கூடாது.
வருகின்றன.
பதினொரு வருஷமாய் வருகின்றன.
லோரிக்குக் குறுக்கே ஓடும் கோழிகளைப்போல
ஒவ்வொரு தடவையும் ஒதுக்கிவிடுகிறேன்.

தோகையின் மூன்றாம் கண்ணில்
டிக்.
ஒரு சுற்றுக்கு ஒரு டிக்.
"பல்லி சொல்லுது, நல்ல சகுனம்," என்றார்.
பல்லி இல்லை.
பிளேடைப் பற்றவைத்த இடத்தில் விரிசல்.

சுவிட்சை அணைத்தேன்.
பலகையைப் பின்னால் இழுக்கவில்லை.
அணைத்ததும் நின்றுவிடாது சக்கரம்,
தன் வேகத்தைத் தானே தின்று தீர்க்கவேண்டும்.
அவர் கோட்டைத் தாண்டக் காலெடுத்தார்.
"இன்னும் நிக்கலை."
"நின்னுடுச்சே. பல்லே தெரியலை."
பல் தெரியவில்லையென்றால்
ஓடுகிறது என்று அர்த்தம்.

சுவிட்சுக்கு மேல் ஆணியைக் காட்டினேன்.
தொங்கும் என் தாலிக்கொடி.
மிஷின் ஓடும்வரை அது நடுங்கும்.

பார்த்தார். கொடியை,
பிறகு என் கழுத்தை,
வெகுநேரம் தன் மணிக்கட்டை.
"வீட்டில தெரியுமா?"
"மாமியார் ஆறு மாசம் பேசலை.
ஆணி அடிச்சுக் கொடுத்தது அவங்க மகன்தான்."

கொடி ஓய்ந்தது.
பற்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.

பிளேடு மாற்றும்போது மட்டும் எனக்குக் கையுறை.
புதியதை மாட்டி, முறுக்கேற்றி,
சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று விட்டுப் பார்த்து,
கையுறையைக் கழற்றி,
மறுபடி தோகை.

நாலரைக்கு முடிந்தது.
மேசைத் தூளைப் பிரஷால் தள்ளும்போது கவனித்தேன்:
மஞ்சள் வாலைச் சட்டைக் கைக்குள்
செருகி வைத்திருந்தார்.
அப்படியும் கோட்டைத் தாண்டவில்லை.

கொடியை எடுத்து மாட்டிக்கொண்டு
முப்பது வெள்ளி வாங்கினேன்.
மயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"கழுத்து கொஞ்சம்…"
"வாத்து," என்றேன்.
போட்ட கோட்டில்தான் வெட்டுவேன் நான்.