அறுபத்து நான்கு

அன்று இரவு வள்ளவிளைக் கோயில் கூடத்தில்
சார்ஜ் மிச்சமிருந்தது என் லேப்டாப்பில் மட்டும்.
கழக்கூட்டத்து ஆபீசில் நான் எழுதுவதெல்லாம்
யாரோ வாங்கித் திருப்பி அனுப்பும் சட்டைகளுக்குக் கணக்கு.
ஆட்களுக்கு எழுதியது அன்றுதான்.

லிஸ்ட் போட்டிருக்கலாம்.
வந்த வரிசையில் நிற்கும்.
ஆனால் ஒருவரை அம்மா சொன்னாள், மனைவி சொன்னாள்,
படகுக்காரர் வந்து மறுபடி சொன்னார்.
அதனால் செட்.
செட்டுக்கு இரட்டை ஆகாது.
உள்ளே என்ன வகை என்று கேட்கும் கோண அடைப்பில்
'ஸ்ட்ரிங்' என்று அடித்தேன்.
சூரைப் பெட்டியில் சாளை விழாமல் பார்த்துக்கொள்ளும் அடைப்பு அது.
எண்ணைப் போட்டால் ஏற்காது,
தேதியைப் போட்டால் திட்டும்.
இதைவிடப் பத்திரம் என்ன என்று நினைத்தேன்.

கடலில் அறுபத்து நான்கு பேர் என்றார் பெர்க்மான்ஸ்.
அறுபத்து மூன்று என்றது திரை.
"நீங்க எண்ணினது தப்பா இருக்கும் அண்ணே."
கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

விடியுமுன் மினிக்காயிலிருந்து போன்:
சிலுவை ததேயு கரையேறிவிட்டார்.
பெயரைத் தட்டினேன், பச்சை விழுந்தது.
இரண்டு வீட்டில் அடுப்பு பற்றவைத்தார்கள்.

பெரியப்பன் மகனுக்கும் சித்தப்பன் மகனுக்கும்
ஒரே பாட்டன் பெயர்.
படகு வேறு.

பத்து மணிக்கு பிரசில்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"போன் போட்டுத் தந்தாவ பிள்ளே.
அது எனக்க ஆளுக்க கொரலு இல்ல."

திரையில் சிவப்புக் கோடு இல்லை.
பிழை என்று ஒரு வரி இல்லை.
கேட்டது பெயர், போட்டது பெயர்.
வகை மிகச் சரி.

ஸ்ட்ரிங்கை அழித்துவிட்டு
அடைப்புக்குள் 'ஆள்' என்று அடித்தேன்.
இனி நான்தான் சொல்ல வேண்டும்,
எதெல்லாம் ஒத்தால் இரண்டு ஆள் ஒரே ஆள் என்று.
தகப்பன் பெயர். படகு எண். பிறந்த நாள்.
அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எடது கை சுண்டுவிரலு மடங்காது.
சுறாத் தூண்டி ஏறினது. அதையும் போடு."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒரு கட்டம் போட்டேன்.

நிரல் ஓடத் தொடங்கியதும்
அடைப்பில் எழுதிய வகை அழிந்துபோகும்.
பரீட்சைக்குப் படித்தது.
காவலெல்லாம் கரையில் இருக்கும்வரைதான்;
இறங்கிய பிறகு வெறும் பை.

< >
உற்றுப் பார்த்தால்
நடு உடல் போய் வாயும் வாலும் மிஞ்சிய மீன்.

மறுபடி ஓட்டினேன்.
அறுபத்து நான்கு என்றது திரை.
அதில் பச்சை நாற்பத்தொன்று.

"அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள் பிரசில்லா,
நான் ஒன்றும் கேட்கவில்லை.